கடைசி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் தணிக்கை: என்பிஏ நடுவர் அறிக்கை எந்த அளவுக்குப் பயன்படுகிறது?

தொழில்முறைக் கூடைப்பந்தில் வெற்றி தோல்வியை நடுவர்கள் தீர்மானிக்கிறார்களா என்ற கேள்வி, தோற்ற அணிக்கு ரசிகர்கள் இருக்கும் ஊர்களில் எல்லாம் எழுவதுதான். அமெரிக்காவின் என்பிஏ லீக், இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை தரும் சேவை ஒன்றை 2015 மார்ச் முதல் இலவசமாக நடத்தி வருகிறது. நெருக்கமாக முடிந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும், அதன் இறுதி இரண்டு நிமிடங்களில் நடுவர்கள் ஊதிய விசில்கள் அனைத்தையும், ஊதியிருக்க வேண்டுமோ என்று சந்தேகப்பட இடமுள்ள முக்கியக் கட்டங்களையும் வரிசையாக எடுத்து, சரியா தவறா என்று தீர்ப்பெழுதி, காணொளியோடு மறுநாள் வெளியிடுகிறார்கள். ‘கடைசி இரண்டு நிமிட அறிக்கை’ என்று இதை அழைக்கிறார்கள். சிங்கப்பூரில் சந்தா கட்டி என்பிஏ ஆட்டங்களைப் பார்க்கும் நண்பர்கள் பலர், நடுவர்களைத் திட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூட இந்த அறிக்கையைப் படிப்பதில் காட்டுவதில்லை. வாங்கிய பொருளையும் சாப்பிட்ட கடையையும் மதிப்பிட்டு எழுதும் நாம், காசில்லாமல் கிடைக்கும் இந்தச் சேவையையும் அதே கண்டிப்போடு பார்ப்பதில் தவறில்லை.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் நமக்குக் காலை எட்டரைக்கு வரும். எம்ஆர்டி ரயிலில் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குள் நுழையும்போது மனமில்லாமல் மூடி வைக்கும் ஆட்டம் அது. அறிக்கை அங்கே மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் வெளியாகிறது என்பதால், இங்கே அடுத்த நாள் விடியற்காலை ஐந்து அல்லது ஆறு மணிக்குள் கிடைத்துவிடும். கோபம் எழுவதற்கும் அறிக்கை வருவதற்கும் இடையே உள்ள இந்த ஒரு நாள் இடைவெளி, என்னைப் பொறுத்தவரை, இந்தச் சேவையின் திட்டமிடப்படாத நன்மைகளில் ஒன்று.

எல்லா ஆட்டங்களுக்கும் அறிக்கை கிடைக்காது. நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் ஏதேனும் ஒரு கட்டத்திலாவது புள்ளி வித்தியாசம் மூன்றாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்திருக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்குச் சென்ற ஆட்டமென்றால் அந்தக் கூடுதல் நேரத்தின் கடைசி இரண்டு நிமிடங்களும் சேரும். தொடக்கத்தில் இந்த எல்லை ஐந்து புள்ளிகளாக இருந்தது. 2017-18 பருவத்தில் மூன்றாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு தீர்ப்புகளில் ஒன்று கிடைக்கும்: சரியாக ஊதியது, தவறாக ஊதியது, ஊதாமல் விட்டது சரி, ஊதாமல் விட்டது தவறு. நேரம், தவறிழைத்த வீரர், பாதிக்கப்பட்ட வீரர், இரண்டொரு வரி விளக்கம் ஆகியவை உடன் இருக்கும். இந்த விளக்க வரிகள்தாம் அறிக்கையின் உயிர். தடுப்பாட்டக்காரர் பந்தை எறிபவரின் கையைத் தொட்டார் என்பதோடு நிற்காமல், அந்தத் தொடுதல் அவருடைய வேகத்தையோ சமநிலையையோ எறிதலையோ பாதித்ததா என்றும் எழுதுகிறார்கள். தொடுதல்கள் எல்லாமே ஃபவுல் ஆகிவிடுவதில்லை என்ற அடிப்படையை, நம் புளோக்குகளுக்கு அருகிலுள்ள கூடைப்பந்துத் திடல்களில் மாலை நேரத்தில் சண்டையிடும் இளைஞர்கள் இந்த வரிகளிலிருந்து தெளிவாகக் கற்றுக்கொள்ளலாம்.

தீர்ப்பெழுதும் அளவுகோலையும் கவனிக்க வேண்டும். நடுவர் செய்தது தவறு என்று எழுத, காணொளியில் ஐயத்துக்கு இடமில்லாத சான்று தேவை. நிறுத்தக் கடிகாரமோ பெரிதாக்கிய படமோ இருந்தால் மட்டுமே தெரியும் மீறல்களை, அடைப்புக்குறிக்குள் குறிப்பிட்டாலும் தவறு என்று கணக்கிடுவதில்லை. மனிதக் கண்ணால் பார்க்க முடியாததைப் பார்க்கவில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்லக் கூடாது என்ற அளவில் இது நியாயமே. ஆனால் இதன் விளைவாக, ஐயத்துக்கு இடமுள்ள கட்டங்கள் எல்லாம் நடுவருக்குச் சாதகமாகவே போய்ச் சேர்கின்றன. அறிக்கையிலுள்ள தவறுகளின் எண்ணிக்கையைக் குறைந்தபட்ச எண்ணிக்கையாகக் கொள்வதுதான் முறை.

லீக் தன் நடுவர்களின் பிழையைத் தானே ஒப்புக்கொள்வது எத்தகைய காரியம் என்பதற்கு 2023 ஜனவரி 28 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டம் நல்ல எடுத்துக்காட்டு. லேக்கர்ஸும் செல்டிக்ஸும் சமநிலையில் இருக்க, முழு நேரத்தின் கடைசி விநாடிகளில் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கூடையை நோக்கிப் பாய்ந்தார்; செல்டிக்ஸின் ஜேசன் டேட்டம் அவர் கையில் அடித்தார்; விசில் ஒலிக்கவில்லை. ஊதியிருந்தால் வெற்றிக்கான இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி) லெப்ரானுக்குக் கிடைத்திருக்கும். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்று, செல்டிக்ஸ் 125-121 என்று வென்றது. மறுநாள் அறிக்கை அதைத் தவறு என்று உறுதி செய்தது. நடுவர் சங்கமும் வருத்தம் தெரிவித்தது. ஆட்ட முடிவு மட்டும் அப்படியே நின்றது.

முடிவு மாறாது என்பதுதான் பலருக்கு இந்தச் சேவையின் மேலுள்ள முதல் புகார். அந்தப் புகாரில் எனக்கு உடன்பாடில்லை. முடிந்த ஆட்டத்தை மறுநாள் மாற்றத் தொடங்கினால் லீக் நடத்த முடியாது. அபூர்வமாக ஒருமுறை அது நடந்தபோது எவ்வளவு விசித்திரமாக இருந்தது என்பதையும் பார்த்திருக்கிறோம்: 2007 டிசம்பரில் அட்லாண்டாவில் ஷக்கில் ஓ’நீலின் ஃபவுல் எண்ணிக்கையைப் பதிவு மேசையில் தவறாக எழுதி, அவரை ஆறு ஃபவுல் என்று வெளியேற்றிவிட்டார்கள், மயாமி அணி முறையிட, கடைசி 51.9 விநாடிகளை மட்டும் 2008 மார்ச்சில் மறுபடி ஆடினார்கள். அதற்குள் ஓ’நீல் வேறு அணிக்கே போய்விட்டார்.

இரண்டாவது புகார் வீரர்களிடமிருந்தும் நடுவர்களிடமிருந்தும் வருவது. 2016 கிறிஸ்துமஸ் நாளில் கிளீவ்லண்ட் 109-108 என்று கோல்டன் ஸ்டேட்டை வென்ற ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டுரான்ட்டுக்கு எதிராக இழைக்கப்பட்ட ஃபவுலுக்கு ஊதியிருக்க வேண்டும் என்று அறிக்கை சொன்னது. அதற்கு மகிழ்ந்திருக்க வேண்டிய டுரான்ட், நடுவர்களால் தாங்கள் தோற்கவில்லை என்றும், லீக் அவர்களை இப்படிப் பொதுவெளியில் காட்டிக் கொடுப்பது சரியில்லை என்றும் கடுமையாகச் சொன்னார். பாதிக்கப்பட்டவரே நடுவர் பக்கம் நின்ற அந்தப் பேச்சுக்கு மதிப்பளிக்கிறேன். இருந்தும், பல மில்லியன் பேர் பார்த்த ஒரு பிழையை அலுவலகக் கோப்புக்குள் பூட்டி வைப்பதால் நடுவர்களின் மானம் காக்கப்படும் என்று தோன்றவில்லை.

அறிக்கையின் உண்மையான குறை அதன் பெயரிலேயே இருக்கிறது. என்பிஏ ஆட்டம் 48 நிமிடங்கள் கொண்டது. இரண்டு நிமிடம் என்பது அதில் 24இல் ஒரு பங்கு. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டு மாணவருக்கு மதிப்பெண் போடுவதைப் போன்றது இது.

இதைச் சோதிக்க, நடுவர்களைப் பற்றிய விவாதங்களில் எப்போதும் முதலில் வரும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2002 மே 31 அன்று, மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் சேக்ரமெண்டோ கிங்ஸை 106-102 என்று வென்றது. நான்காம் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. நுகர்வோர் உரிமைகளுக்காகப் போராடிய ரால்ஃப் நேடர் லீகின் ஆணையருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போனது. அந்த நாளில் இந்த அறிக்கை இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? கடைசி விநாடிகளில் லேக்கர்ஸின் கோபி பிரையன்ட்டின் முழங்கை கிங்ஸின் மைக் பிபியின் முகத்தில் பட்டதும், அதற்கு விசில் ஊதாததும் அதன் எல்லைக்குள் வந்திருக்கும். ஊதாதது தவறு என்று ஒரு வரி பதிவாகியிருக்கலாம். ஆனால் கிங்ஸ் ரசிகர்கள் இன்றுவரை மறக்காத அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் பத்து நிமிடங்கள் அறிக்கைக்கு வெளியே நின்றிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விசிலுக்கும் ஏதாவது ஒரு நியாயம் சொல்ல முடியும். அவை ஒரே பக்கமாகக் குவிந்ததுதான் அந்த ஆட்டத்தின் பிரச்சினை. குவிதலை அளக்கும் பத்தி எதுவும் இந்த அறிக்கையில் இல்லை.

ஒரு விசிலின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்பதும் உதவும். அண்மைப் பருவங்களில் ஓர் அணி ஒருமுறை பந்தைக் கொண்டுபோனால் சராசரியாக 1.15 புள்ளிகளை ஒட்டி எடுக்கிறது. ஃப்ரீ த்ரோ வெற்றி விகிதம் சுமார் 78 விழுக்காடு என்பதால், இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் 1.56 புள்ளிகளுக்குச் சமம். ஆக, கூடையை நோக்கி எறிபவருக்குக் கிடைக்கும் ஒரு சாதாரண விசில் அரைப் புள்ளிக்கும் சற்றுக் குறைவான லாபம்தான். அத்தகைய விசில்கள் சில தவறிப்போனாலும் ஒரு பந்து வெற்றிகரமாக உள்ளே விழுவது ஈடுகட்டிவிடும். ஆனால் இந்தக் கணக்கு, ஃபவுல் எண்ணிக்கையால் வரும் மறைமுக விளைவுகளைச் சேர்க்கவில்லை. முதல் கால்பகுதியிலேயே நட்சத்திர வீரருக்கு இரண்டாவது ஃபவுல் விழுந்தால், ஆறு ஆனதும் வெளியேற வேண்டும் என்ற அச்சத்தில் பயிற்சியாளர் அவரை உட்கார வைக்கிறார். மீண்டும் களமிறங்கினாலும் அவர் நெருங்கித் தடுக்கத் தயங்குகிறார். ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து, எறியாத வீரர்மீது செய்த ஃபவுலுக்கும் எதிரணி ஃப்ரீ த்ரோ எறியும். அந்த ஐந்து, ஏழாம் நிமிடத்தில் நிரம்புகிறதா பதினொன்றாம் நிமிடத்தில் நிரம்புகிறதா என்பதால் அந்தக் கால்பகுதியின் போக்கே மாறுகிறது. ஆட்டத்தை நடுவர்கள் அதிகம் பாதிக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. எட்டாம் நிமிடத்தில் சந்தேகத்துக்கிடமான ஒரு விசில் ஒலிக்கும்போது அரங்கில் யாரும் எழுந்து நின்று கத்துவதில்லை. மறுநாள் அறிக்கையும் அதைப் பேசுவதில்லை.

அறிக்கை தொடாத இந்தப் பகுதியை ஆய்வாளர்கள் தொட்டிருக்கிறார்கள். ஜோசப் பிரைஸ், மார்க் ரெமர், டேனியல் ஸ்டோன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. பந்தைப் பறிகொடுக்கும் நிகழ்வுகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: தவறான பாஸ் போல நடுவரின் முடிவு தேவைப்படாதவை ஒருபுறம், தாக்குதல் ஃபவுல், நடைத்தவறு (பந்தைத் தட்டாமல் நடப்பது) போல நடுவர் ஊதினால்தான் உண்டாகும் நிகழ்வுகள் மறுபுறம். அணிகளின் திறமை வேறுபாடு இரண்டு வகையிலும் ஒரேபோல் தெரிய வேண்டும் அல்லவா? நடுவரின் விருப்பத்துக்குட்பட்ட வகையில் மட்டும் சொந்தத் திடல் அணிக்கும், ஆட்டத்தில் பின்தங்கிய அணிக்கும், தொடரில் பின்தங்கிய அணிக்கும் சாய்வு இருப்பதை அவர்கள் கண்டார்கள். இதைச் சதி என்று கொள்ள வேண்டியதில்லை. பல்லாயிரம் பேர் கூச்சலிடும் அரங்கின் நடுவில் நொடிப்பொழுதில் முடிவெடுக்கும் எந்த மனிதருக்கும் இது நேரக்கூடும்.

சொந்தத் திடல் அணியின் வெற்றி முழுவதையும் நடுவர் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. நம் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் கூடைப்பந்து அணி 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலிய லீகில் ஆடியபோது, ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் கண்டம் விட்டுக் கண்டம் பறக்க வேண்டியிருந்தது. அந்தக் களைப்புக்கு எந்த விசிலும் காரணமில்லை. 2025 ஏப்ரல் 27 அன்று டெட்ராய்ட்டில் நடந்தது சொந்தத் திடல் அணிக்கே எதிரானது. பிஸ்டன்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருக்க, கடைசி விநாடியில் டிம் ஹார்டவே ஜூனியர் மூன்று புள்ளி எறிதலுக்கு முயன்றபோது நிக்ஸின் ஜாஷ் ஹார்ட் அவர்மீது மோதினார், ஊதவில்லை, நியூயார்க் நிக்ஸ் 94-93 என்று வென்றது. ஊதியிருக்க வேண்டும் என்று தலைமை நடுவரே ஆட்டம் முடிந்ததும் ஒப்புக்கொண்டார். சொந்த ரசிகர்களின் கூச்சல் அன்று பிஸ்டன்ஸைக் காப்பாற்றவில்லை.

சாய்வு வேறு, ஊழல் வேறு; இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் காப்பிக்கடை மேசைகளில் முடிவில்லாமல் போகிறது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஊழல் நடுவர் என்பவர் கற்பனைப் பாத்திரம் இல்லை. 2013இல் தெம்பனிஸ் ரோவர்ஸ் அணி ஈஸ்ட் பெங்காலுடன் ஆடவிருந்த கால்பந்தாட்டத்துக்கு வந்த மூன்று லெபனான் நடுவர்கள், ஆட்டத்துக்கு முன்பே மாற்றப்பட்டு, கையூட்டுக் குற்றத்துக்காக இங்கேயே சிறைத் தண்டனை பெற்றார்கள். என்பிஏவில் அதற்கு இணையான பெயர் டிம் டோனகி. 13 பருவங்கள் நடுவராக இருந்த அவர், தான் நடுவராகப் பணியாற்றிய ஆட்டங்களிலும் பந்தயம் கட்டியது வெளிப்பட்டு, 2007இல் பதவி விலகி, 2008இல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். வேண்டுமென்றே ஆட்டப் போக்கை மாற்றினார் என்பதற்குச் சான்றில்லை என்று அரசுத் தரப்பும் லீக் அமர்த்திய விசாரணையும் சொல்லின. 2019இல் விளையாட்டு ஊடகமான ஈஎஸ்பிஎன் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரை அதை மறுத்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர்கள் என்ற பட்டியலை லீக் ஆட்ட நாள் காலையில் பகிரங்கமாக வெளியிடத் தொடங்கியது. முன்பு அது இரகசியம், அந்த இரகசியத்துக்குப் பந்தயச் சந்தையில் விலை இருந்தது.

வெளிப்படைத்தன்மைக்கு நடத்தையை மாற்றும் ஆற்றல் உண்டு என்பதற்கு இன்னும் வலுவான சான்று இருக்கிறது. ஜோசப் பிரைஸும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும், நடுவர் குழுவின் இனத்துக்கும் வீரரின் இனத்துக்கும் ஏற்ப ஃபவுல் எண்ணிக்கை சிறிதளவு மாறுவதைத் தங்கள் ஆய்வில் காட்டினார்கள். 2007இல் அது பத்திரிகைகளில் பெரிதாக வெளிவந்து, லீக் கடுமையாக மறுத்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளின் தரவுகளைப் பார்த்தபோது அந்தச் சாய்வு காணாமல் போயிருந்தது. தாம் கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்ததே பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கிறது. கடைசி இரண்டு நிமிட அறிக்கைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த வாதம் இதுவே. அறிக்கையை 48 நிமிடங்களுக்கும் நீட்ட வேண்டும் என்பதற்கும் அதே வாதம்தான். லீக் தன் நடுவர்களின் எல்லா ஆட்டங்களையும் உள்ளுக்குள் மதிப்பிட்டுத்தான் தரவரிசைப்படுத்துகிறது. அந்த வேலை ஏற்கெனவே நடக்கிறது; வெளியிட மனமில்லை, அவ்வளவே.

லீகே எடுக்கும் முடிவுகளும் இந்த அறிக்கையில் தெரியாது. எதிராளியின் மேல் வேண்டுமென்றே சாய்ந்து ஃபவுல் சம்பாதிக்கும் தந்திரங்களை 2021-22 பருவத்தில் லீக் கட்டுப்படுத்தியது. 2024இல் பருவத்தின் பின்பாதியில் ஃபவுல்கள் குறைந்து, தடுப்பாட்டத்துக்குக் கூடுதல் இடம் கொடுக்கப்பட்டதை லீக் அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். எந்தத் தொடுதல் ஃபவுல் என்ற கோடு நகரும்போது, ஃப்ரீ த்ரோவை நம்பி ஆடும் அணியும் முரட்டுத் தடுப்பை நம்பி ஆடும் அணியும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. அப்போது எந்த நடுவரும் பிழை செய்திருக்க மாட்டார். அறிக்கையில் எல்லாம் சரி என்றே வந்திருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரங்கள் கொடுப்பேன். தவறு நடந்ததா என்ற கேள்விக்கு இந்த அறிக்கை நேர்மையாகப் பதில் சொல்கிறது. அந்தத் தவறால்தான் தோற்றோமா என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. ஆட்டப் புள்ளிவிவரப் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்து, முதல் மூன்று கால்பகுதிகளில் யாருக்கு எத்தனை ஃபவுல், யார் எப்போது உட்கார வைக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் முழுமையாகும். பள்ளி அணியில் ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் விளக்க வரிகளையும் காணொளிகளையும் சேர்ந்து பார்ப்பது நல்ல பயிற்சி. பந்தயத்துக்குத் துப்புக் கிடைக்கும் என்று நடுவர் பட்டியலை இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தேடுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உரிமம் பெறாத தளங்களில் பணம் கட்டுவது 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இங்கே குற்றம், அதற்குக் காணொளி மறுபரிசீலனையும் கிடையாது, நடுவர் முடிவை எதிர்த்து முறையிடும் பயிற்சியாளரும் கிடையாது.